போர்க்களத்து வினைச்சொற்கள்: கவிதையில் போரின் கொடுமை



போரின் கொடுமையை ஒரு கவிஞன் மொழியைக் கொண்டு எவ்வாறு உணர்த்துகிறான் என்பதே இன்றைய பொழிவின் பொருள். இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உவமை, உருவகம், கற்பனை என்னும் மூன்றையே எடுத்துக்கொள்வர். நான் வாழ்நாளெல்லாம் இலக்கணத்தோடு பழகியவன். ஆதலால் வினைமுற்று, வேற்றுமை உருபு, வினையாலணையும் பெயர் ஆகியவற்றின் பக்கமாகவே இப்பொருளை அணுகப் போகிறேன். இலக்கணம் என்றவுடன் மாணவர் சிலர் முகம் மாறுவதை மேடையிலிருந்தே காண்கிறேன். அஞ்ச வேண்டா. தேர்வுக்கு உரிய இலக்கணம் அன்று இது.

முதலில் ஒரு வினா. தமிழ் இலக்கண மரபில் போர் அச்சம் தரும் பொருளா? தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு. பேய்க்கு அஞ்சலாம், புலிக்கு அஞ்சலாம், கள்வருக்கு அஞ்சலாம், அரசனுக்கும் அஞ்சலாம். போருக்கு அங்கே இடம் இல்லை. போர்க்களத்தில் காட்டும் தறுகண்மை பெருமிதத்தின் நான்கு களன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் வெகுளியின் களன்களைப் பாருங்கள். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன அவை. உறுப்புகளை அறுத்தல், குடிமக்களை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். இந்நான்கும் போரில் நிகழ்வன அல்லவா? போரைப் பெருமிதத்தில் வைத்த அதே நூல், போரில் மனித உடலுக்கும் குடிக்கும் நேர்வனவற்றை வெகுளியில் வைத்திருக்கிறது. இதனைத் தொல்காப்பியர் கருதிச் செய்தார் என்று நான் வாதிடவில்லை; அவர் தரும் வகைப்பாடு பொதுவானது. ஆனால் 'வீரம்' என்னும் ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடும் நம் வகுப்பறைப் பழக்கத்தைவிட இவ்வகைப்பாடு நுட்பமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனிக் கவிதைக்கு வருவோம். புறநானூற்றின் 62, 63ஆம் பாடல்கள் ஒரே போரைப் பற்றியவை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருநற்கிள்ளியும் பொருது, இருவருமே களத்தில் வீழ்ந்தனர். முதற்பாடலைக் கழாத்தலையாரும் அடுத்ததைப் பரணரும் பாடினர். இரண்டும் தும்பைத் திணை, தொகைநிலைத் துறை. வென்றவன் என்று ஒருவன் இல்லாத போர் இது. ஆகவே புலவர்க்குப் புகழ்வதற்கு ஆள் இல்லை. பரிசில் தருவதற்கும் ஆள் இல்லை. இந்நிலையில் பரணர் என்ன செய்கிறார் என்பதை வினைமுற்றுகளைக் கொண்டு பார்க்கலாம்.

பாடல் யானைகளில் தொடங்குகிறது. பின்பு குதிரைகள், பின்பு தேரில் வந்த வீரர்கள், பின்பு முரசங்கள், இறுதியில் வேந்தர்கள். ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு வாக்கியம்; ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஒரு வினைமுற்று. அவ்வினைகள் ஒழிதல், படுதல், மாய்தல், விளிதல் என்பன. வேந்தர்க்கு மீண்டும் ஒழிதல். இவை அனைத்தும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். கொல்லுதல் என்னும் வினை ஓரிடத்திலும் முற்றாக வரவில்லை. இறந்தன, மாய்ந்தனர் என்று சொல்லப்படுகிறதேயன்றி, இன்னார் கொன்றார் என்று சொல்லப்படவில்லை. அம்பு இருக்கிறது, வேலும் இருக்கிறது. எய்தவனும் எறிந்தவனும் பாட்டில் இல்லை.

இது தற்செயல் என்று கூறுவோர் இருக்கலாம். புறநானூற்றின் வேறு போர்ப்பாடல்களை எடுத்துப் பாருங்கள். அரசனை முன்னிலைப்படுத்தி, நீ எரித்தாய், நீ அழித்தாய், நீ கவர்ந்தாய் என்று அடுக்குவது புறப்பாட்டின் வழக்கமான நடை. நெட்டிமையார் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய 15ஆம் பாடலில், பகைவரின் தெருக்களை வெள்வாய்க் கழுதை பூட்டி உழுத செயல் அரசன்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அங்கே செய்தவன் யார் என்பதில் ஐயமே இல்லை. செய்தவனின் புகழுக்காகவே அப்பாட்டு. பரணர் அந்த நடையை நன்கு அறிந்தவர். அறிந்தும் இங்கே அதனைக் கைவிடுகிறார். செய்தவனை நீக்கிவிட்டால் போர் ஒரு நோய் போலவும் வெள்ளம் போலவும் ஆகிவிடுகிறது. யானைக்கும் வேந்தனுக்கும் ஒரே வினை போதுமானதாகிறது.

முரசுக்கும் உயிர்போகும் வினை தரப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். தூக்குவார் இல்லாமையால் முரசு விளிந்தது என்பது கருத்து. அரசனின் குரலாக இருந்த கருவி, சுமக்க ஆள் இன்மையால் செத்துக் கிடக்கிறது. சுமந்தவர் இறந்தார் என்று புலவர் சொல்லவில்லை. நாமே கூட்டி உணர்ந்துகொள்கிறோம்.

இங்கே 'படு' என்னும் வினையைப் பற்றிச் சற்று விலகிப் பேச அனுமதி வேண்டுகிறேன். விழுதல், இறத்தல் என்பன இதன் பழம்பொருள்களுள் அடங்கும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் படித்தவர்க்குத் தெரியும்: ஆநிரை மீட்கச் சென்று இறந்த வீரனைப் பற்றி அக்கற்கள் கூறும் சொல் 'பட்டான்' என்பதே. கொல்லப்பட்டான் என்று இல்லை. பட்டான், அவ்வளவுதான். பிற்காலத்தில் இந்தப் 'படு' தன் முழுப்பொருளை இழந்து, கொல்லப்படு, அழிக்கப்படு என்று செயப்பாட்டு வினையின் துணைவினையாகத் தேய்ந்தது. இன்று செய்தித்தாளில் 'கொல்லப்பட்டனர்' என்று படிக்கும்போது அந்தத் துணைவினைக்குள் ஒரு பழைய சாவு கிடக்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. மொழி வரலாற்றில் இத்தகைய தேய்வு இயல்பானது. இதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் நடுகல்லின் 'பட்டான்' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு உள்ள எடை, நம் நீண்ட செயப்பாட்டு வினைக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செய்தவனைச் சொல்லாத இவ்வழக்கு புலவர்க்கு மட்டும் உரியதன்று. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட சயாம் - பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதனை அமைக்க ஜப்பானியப் படையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றதையும், அவருள் மிகப் பலர் மீளாததையும் நீங்கள் அறிவீர்கள். என் இளமையில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். "சயாமுக்குப் போனார், வரவில்லை" என்பார்கள். பிடித்துச் சென்றார்கள் என்றோ கொன்றார்கள் என்றோ சொல்வது அரிது. போனார், வரவில்லை. இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். பரணரைப் படித்தவர்கள் அல்லர் அவர்கள். பெரும் சாவைப் பேச வேண்டிய இடத்தில் மொழி தானாகவே இவ்வடிவத்தைத் தேடிக்கொள்கிறது போலும். அச்சமா, துயரமா, எதனால் அவ்வாறு என்று என்னால் பிரித்துக் கூற இயலவில்லை.

பரணரின் பாடல் ஒரு வினாவில் முடிகிறது. வேந்தரும் ஒழிந்தனர், இனி அவர்களுடைய அகன்ற நாடு என்ன ஆகும்? அந்த வினாவுக்குள் அவர் வைக்கும் காட்சி, ஆம்பல் தண்டை வளையாக அணிந்த மகளிர், வயலருகே பச்சை அவலைத் தின்றுவிட்டு நீரில் பாய்ந்து விளையாடுவது. அவர்கள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் நிகழ்ந்தது அவர்களுக்குத் தெரியாது. களம் முழுவதும் இறந்தகால வினைமுற்றுகள். மகளிரின் விளையாட்டுக்கு மட்டும் 'பாயும்' என்னும் பெயரெச்சம், முடிவுறாத காலம். அப்பெண்களுக்குச் செய்தி எப்போது போய்ச் சேரும் என்பதைப் பாட்டு சொல்லாமல் விடுகிறது. கழாத்தலையாரின் பாட்டில் களத்துக்கே வந்துவிட்ட மனைவியர் இருக்கின்றனர். அவர்கள் கைம்மை நோன்புக்குரிய கீரையை உண்ணவும் இல்லை, குளிர்ந்த நீரில் மூழ்கவும் இல்லை என்று எதிர்மறை வினைகளால் சொல்லி, கணவர் மார்பைத் தழுவிக் கிடந்தனர் என்கிறார். கைம்பெண்ணாக வாழும் வாழ்க்கையும் அவர்க்கு வாய்க்கவில்லை என்பது பொருள்.

இதுவரை நாம் பார்த்தவை எளிய எடுத்துக்காட்டுகள். புலவரின் நெஞ்சமும் நம் நெஞ்சமும் அங்கே ஒரே பக்கத்தில் நிற்கின்றன. கடினமான எடுத்துக்காட்டு இனிமேல்தான். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி.

முதற்குலோத்துங்க சோழனின் தானைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்க வேந்தன் அனந்தவர்மனோடு செய்த போரே அதன் பொருள். திறை செலுத்தத் தவறியதே காரணம். இந்த அனந்தவர்ம சோடகங்கன் தாய்வழியில் சோழர்க்கு உறவினன் என்பதை வரலாற்று மாணவர்கள் நினைவில் கொள்க. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் மரபு. நூலுக்குப் பெயர் தோற்றவன் பெயரால் அமையும். ஆக, இது வெளிப்படையான வெற்றிப் பாட்டு. அரசவையில் அரசன் மகிழ இயற்றப்பட்டது. இதில் போரின் கொடுமை எப்படி வந்தது? வந்திருக்கிறதா, அல்லது நாம்தான் இக்காலத்து மனத்தோடு உள்ளே போய் அதனைத் தேடி எடுக்கிறோமா?

முதலில் ஒரு பழைய விளக்கத்தை அகற்றிவிட விரும்புகிறேன். பரணியின் போர்ப்பகுதி நம்மை நடுங்கச் செய்வதற்கு வல்லெழுத்துகளே காரணம் என்று பல உரைநூல்கள் கூறுகின்றன. மாணவர்களும் அவ்வாறே எழுதுகின்றனர். ஒலியியல் இதனை ஏற்காது. படைகள் பொருதும் இடத்தில் எடு, விடு என்னும் ஏவல்களை மும்மூன்றாக அடுக்கி ஓர் ஆரவாரத்தை எழுப்புகிறார் சயங்கொண்டார். அச்சொற்களில் டகரம் உள்ளது, டகரம் வல்லினம், எனவே வன்மை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தமிழில் இரு உயிர்களுக்கு இடையில் தனித்து வரும் டகரம் மெலிந்து ஒலிக்கும். எடு, விடு என்று சொல்லிப் பாருங்கள்; 'பட்டு' என்பதில் உள்ள வன்மை அங்கே இல்லை. நம்மைத் துரத்துவது எழுத்தின் வன்மை அன்று, குற்றெழுத்தின் விரைவு. குறில்களாகவே அடுக்கப்பட்டதால் நாவுக்கு ஓய்வு இல்லை. மூச்சு வாங்க இடம் இல்லை. அதே போன்ற சந்த விரைவைச் சயங்கொண்டார் கடைதிறப்புப் பகுதியில் ஊடிய மகளிரைக் கதவு திறக்க அழைக்கும் இடத்திலும் பயன்படுத்துகிறார். அங்கே நமக்கு அச்சம் வருவதில்லை. ஆகவே ஒலி தானாக எப்பொருளையும் தருவதில்லை. பொருள் தரும் உணர்வை ஒலி விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. எடு, விடு என்று கூவுவது யார் என்பதும் அங்கே சொல்லப்படவில்லை. இரு பக்கத்தாரும் அதையே கூவுகின்றனர்.

அடுத்து, கூறுவோன் யார் என்னும் வினா. காப்பியப் புலவன் போரைத் தானே கூறுவான். பரணியில் அவ்வாறு இல்லை. பாலை நிலத்துக் கோயிலில் வீற்றிருக்கும் காளியிடம், கலிங்கத்திலிருந்து வந்த ஒரு பேய் போரைக் கூறுகிறது. கேட்பவை பசியால் வாடிய பேய்கள். பேய் முறைப்பாடு என்றே ஒரு பகுதி நூலில் உண்டு. பசி பொறுக்கவில்லை என்று பேய்கள் காளியிடம் முறையிடும் பகுதி அது. போர்ச்செய்தி அந்த முறையீட்டுக்கு விடையாக வருகிறது. இந்த அமைப்பை இலக்கணச் சொல்லால் கூறுவதானால், போர் என்னும் வினைக்கு நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பவை பேய்கள். யாருக்காகப் போர் என்று கேட்டால், அரசன் புகழுக்காக என்று இராச பாரம்பரியமும் அவதாரமும் விடை தருகின்றன. பேய்களுக்காக என்று நூலின் கட்டமைப்பு விடை தருகிறது. புலவர் இவ்விரண்டையும் மோதவிடவில்லை. இரண்டையும் ஒரே நூலில் அருகருகே வைத்துவிட்டார்.

நூலின் இறுதிப் பகுதி களம் பாடியது. காளி தன் பேய்க்கூட்டத்துக்குப் போர்க்களத்தைக் காட்டும் இடம். ஒவ்வொரு தாழிசையும் ஒரு தனிப்படம். 'காண்மின்' என்னும் பன்மை ஏவலால் ஒவ்வொன்றும் முடிகிறது. மின் என்பது முன்னிலைப் பன்மை ஏவல் விகுதி. அந்த முன்னிலையில் பேய்கள் மட்டுமா இருக்கின்றன? படிக்கும் நாமும் அப்பன்மைக்குள் நின்றுவிடுகிறோம். பேய்களோடு வரிசையில் நின்று பார்க்குமாறு நம்மை அந்த விகுதி நிறுத்துகிறது. அரசவையில் இதைக் கேட்ட சோழ வேந்தனும் அதே வரிசையில்தான் நின்றிருப்பான்.

அப்படங்களுள் ஒன்று: குற்றுயிராய்க் கிடக்கும் வீரர்களின் அருகே, உயிர் போகும்வரை அகலாமல் நரிகள் காத்திருக்கின்றன. இதற்குச் சயங்கொண்டார் தரும் உவமை, பிறர்க்கு உதவாத செல்வர் சாகும்வரை அவரை விரும்பிச் சார்ந்திருப்போர். உவமையின் பொருத்தத்தை வியந்து ஆசிரியர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். நான் நிற்பது வேறிடத்தில். இவ்வுவமை போர்க்களத்தை ஊருக்குள் கொண்டுவந்துவிடுகிறது. செல்வனின் படுக்கையருகே காத்திருக்கும் உறவினர் முகத்தை எந்த ஊரிலும் பார்க்கலாம். நரி தொலைவில் இருக்கும் விலங்காக இனி இல்லை.

இன்னொரு படம், என் கருத்தில் அந்நூலிலேயே மிக அரியது. கணவனின் உடலைத் தேடி ஒருத்தி களத்துக்கு வருகிறாள். வாள் பிடித்த கை எங்கே, மணி அணிந்த மார்பு எங்கே, புறங்கொடாத தோள் எங்கே என்று பயிரவியைக் கேட்கிறாள். மூன்று நுட்பங்களை இங்கே காட்ட விழைகிறேன்.

அவள் கணவன் எங்கே என்று கேட்கவில்லை. கை, மார்பு, தோள் என்று உறுப்பு உறுப்பாகக் கேட்கிறாள். வீரனைப் பாதாதி கேசமாகவும் கேசாதி பாதமாகவும் புகழ்ந்துரைப்பது நம் மரபு. கைக்கு ஓர் அடை, தோளுக்கு ஓர் அடை என்று புகழ் மொழிவது அம்மரபின் இலக்கணம். அதே அடைகளை வைத்துக்கொண்டு 'எங்கே' என்னும் வினாச்சொல்லை மட்டும் சேர்த்தார் புலவர். புகழ்ப்பாட்டு உடல் தேடும் பாட்டாகிவிட்டது. உறுப்பறை என்று தொல்காப்பியம் ஒரு சொல்லில் கூறியதை இங்கே கண்முன் காண்கிறோம்.

இரண்டாவது, 'கேட்பாளை' என்னும் சொல். இது வினையாலணையும் பெயர், இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. கேட்டாளை என்று புலவர் கூறவில்லை. பகர இடைநிலை இறவாக் காலத்தைக் காட்டுகிறது. கேட்டு முடித்தவள் அல்லள் அவள், கேட்டுக்கொண்டே இருப்பவள். கணவன் உடலைத் தன் கையால் தாங்கி உயிர்விடும் இன்னொருத்தியைக் கூறுமிடத்திலும் 'விடுவாளை' என்றே வருகிறது. இறந்தகாலத்தில் முடித்துவிட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது, அவள் கேட்பது பயிரவியை. பயிரவி காளியின் பெயர்களுள் ஒன்று. காட்டுபவள் காளி என்றால், கேட்கப்படுபவளும் அவளே. அவள் விடை கூறவில்லை. தன் பேய்களின் பக்கம் திரும்பி, இவளைப் பாருங்கள் என்கிறாள். அடுத்த தாழிசை வேறு படத்துக்குப் போய்விடுகிறது. ஈரடித் தாழிசையில் விடைக்கு இடமும் இல்லை.

இதன்பின் பேய்கள் கூழ் சமைக்கின்றன. ஆசிரியர் பலர் தவிர்த்துவிடும் பகுதி. அருவருப்பு என்பர். அருவருப்புத்தான், ஆனால் அதன் சொற்களைப் பாருங்கள். முரசம் உரலாகிறது, யானைக் கொம்பு உலக்கையாகிறது, வீரர் பற்கள் அரிசியாகின்றன, கேடயம் சுளகாகிறது. சமைப்பதற்கு முன் பல் விளக்க வேண்டும். அதற்கும் யானைக் கொம்பு. நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. ஒரு வீட்டில் விடியற்காலையில் நிகழும் செயல்கள் அனைத்தும் அதே வரிசையில், அதே வினைச்சொற்களால் கூறப்படுகின்றன. விளக்கு, வழி, குற்று, புடை. ஏவல்கள் 'ஈரே' என்று முடிகின்றன. தோழியர் ஒருவரையொருவர் வேலைக்கு அழைக்கும் இன்சொல் நடை அது. நெல் குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டையும் பேய்கள் பாடுகின்றன; அப்பாட்டில் குலோத்துங்கனைப் புகழ்கின்றன. கூழ் பரிமாறும்போது குருட்டுப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் பார்த்துக் கொடுக்கச் சொல்கின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று ஊரில் உள்ள பிரிவுகள் அத்தனையும் பந்தியில் இருக்கின்றன.

கொடுமையான சொற்களைக் குவித்துக் கொடுமையைச் சொல்வது எளிது. கேட்போர் மனமும் விரைவில் மரத்துவிடும். இங்கே ஒரு கொடுஞ்சொல்லும் இல்லை. அடுக்களைச் சொற்கள்தாம். சுளகைக் கையில் எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் மறுநாள் அந்தச் சொல் பழைய சொல்லாக இருக்காது. பேய்களின் மொழி தனிமொழியாக இருந்திருந்தால் நாம் தப்பியிருப்போம்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைக்கக் கூடாது. கலிங்க வீரர் தப்பி ஓடும் பகுதியில் சயங்கொண்டார் சிரிக்கிறார். தலைமயிரைப் பறித்துக்கொண்டு, நாங்கள் சமணர் என்று கூறித் தப்பியோர் சிலர். வில்நாணைப் பூணூலாக இட்டுக்கொண்டு, கங்கையாட வந்த அந்தணர் என்றோர் சிலர். யானை மணியைத் தாளமாகக் கொண்டு, தெலுங்கப் பாணர் என்றோர் சிலர். கலிங்கம் என்னும் சொல் நாட்டையும் குறிக்கும், ஆடையையும் குறிக்கும். கலிங்கர் கலிங்கம் இழந்தனர் என்று சொல்விளையாட்டும் நிகழ்கிறது. எள்ளலில் பிறக்கும் நகை. உயிருக்கு அஞ்சி ஓடுவோரைப் பார்த்து அரசவை சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பில் புலவரும் பங்கு கொண்டார். சொல்விளையாட்டின் திறத்தை மட்டும் வியந்து இப்பகுதியைக் கற்பிப்பது போதாது என்பது என் துணிபு. சிரிக்க வைத்தது எது, யாருடைய பக்கத்தில் நின்று சிரிக்கிறோம் என்றும் மாணவரைக் கேட்க வேண்டும்.

ஆகவே சயங்கொண்டார் போரை எதிர்த்தவர் என்று கூறமாட்டேன். சான்று இல்லை. போரைப் புகழ வந்த மொழியே, அதன் இடைநிலைகளிலும் விகுதிகளிலும், புகழுக்குள் அடங்காதவற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்று மட்டும் கூறுவேன். நல்ல கவிஞனுக்கு இது நேரும். அவன் கண்டதை மறைக்கும் அளவுக்கு அவன் மொழி கீழ்ப்படிவதில்லை.

நம் காலத்திலிருந்து ஒன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதைப் பற்றி எம். ஏ. நுஃமான் எழுதிய கவிதை 'புத்தரின் படுகொலை'. அவர் கவிஞர் மட்டுமல்லர், மொழியியலாளரும் ஆவார். கனவில் புத்தர் சுடப்பட்டு இறந்ததாகக் கவிதை தொடங்குகிறது. அங்கே செயப்பாட்டு வினை, சுட்டவர் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே சுட்டவர் எழுவாயாக வந்து நிற்கின்றனர், சீருடை இல்லாத அரச காவலராக. பரணரின் கவிதை எழுவாயைத் திறக்காமலே முடிந்தது. நுஃமான் ஒரு வாக்கிய இடைவெளியில் திறந்துவிடுகிறார். பின்பு அமைச்சர்கள் வருகின்றனர். கொல்ல வேண்டியவர் பட்டியலில் இவர் பெயர் இல்லையே என்று கேட்கின்றனர். அலுவலகக் கோப்பில் உள்ள மொழி அது. சந்தம் இல்லை, அடுக்கு இல்லை, பேய் இல்லை. சயங்கொண்டாருக்கு அடுக்களை எவ்வாறோ, இவர்க்கு அலுவலகம் அவ்வாறு. நூலகம் எரிந்தது என்று எழுதுவதா, எரிக்கப்பட்டது என்று எழுதுவதா, இன்னார் எரித்தார் என்று எழுதுவதா என்பது அக்காலத்தில் வெறும் இலக்கண வினாவாக இருந்திருக்க முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். பரணரின் 63ஆம் பாடலை உரைநடையாக்கி மாணவரிடம் கொடுங்கள். அதிலுள்ள வினைகளைச் செயப்படுபொருள் குன்றா வினைகளாக மாற்றச் சொல்லுங்கள். யானைகள் ஒழிந்தன என்பதை, யானைகளைக் கொன்றனர் என்று. எழுவாயையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று கூறுங்கள். என் வகுப்பில் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். சேரர் என்று சிலர் எழுதுவர், சோழர் என்று சிலர், இருபடையினரும் என்று சிலர். முரசுக்கு வரும்போது அனைவரும் நின்றுவிடுவர். முரசைக் கொன்றவர் யார் என்று எழுத முடியாது. அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும். உயர்நிலை வகுப்புகளில் பரணியைக் கற்பிப்போர், களம் பாடியது பகுதியைத் தவிர்க்காமல், கடைதிறப்பை விடுத்தேனும் அதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பதினாறு வயதினர்க்கு அது தாங்காது என்று அஞ்ச வேண்டா. அவர்கள் கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் அதைவிடக் கொடிய படங்களை, ஒரு சொல்லும் இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறேன்.